மறு: ‘கேசரோல்’ – தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மூன்று முன்மொழிவுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பபூட்டி சமைத்தேன். கலத்தோடு ஓவனில் வேகவைத்து, அதிலேயே பரிமாறும் கேசரோல் வகைக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி தந்த பெயர்போன உணவு அது. பட்டியலில் அழகாகத் தெரியும் சொல் அடுக்களையில் நிற்குமா என்பதைச் சமைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

> கேசரோல் என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

வேறு பொருளில் புரியும். சப்பாத்தி சூடு ஆறாமல் மூடிவைக்கும் டப்பாவுக்குத்தான் நம் வீடுகளில் அந்தப் பெயர். ‘கேசரோலை 180 டிகிரியில் வையுங்கள்’ என்று படித்துவிட்டு யாராவது அந்த டப்பாவையே ஓவனுக்குள்ளே வைத்துவிட்டால் பிழை நம்முடையது. பிரெஞ்சிலும் அது பாத்திரத்தின் பெயர்தான், உணவின் பெயரல்ல.

> அடுகலக்கறி

அடுதல் என்றால் சமைத்தல். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அடுகலம்தான். இந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டவில்லை.

> சுட்டகறி

இதைப் படித்தால் தணலில் வாட்டிய இறைச்சிதான் நினைவுக்கு வருகிறது. பபூட்டியில் இறைச்சி நேர்த்தீயைப் பார்ப்பதே இல்லை.

என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒரு கிலோ மாட்டுக் கொத்துக்கறி. (இதற்குப் புதுச்சொல் வேண்டாம், கொத்துக்கறியும் கைமாவும் புழக்கத்தில் இருக்கின்றன.) இரண்டு ரொட்டித் துண்டுகளைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். வெங்காயத்தை வதக்கி, மஞ்சள்தூளும் கறிமசாலாவும் சேர்த்து, கறியைப் போட்டுக் கட்டியில்லாமல் உதிர்க்க வேண்டும். பிறகு ஆப்ரிகாட் ஜாம், உலர்திராட்சை, கொஞ்சம் வினிகர், பிழிந்த ரொட்டி. இனிப்பும் புளிப்பும் காரமும் ஒரே வாயில் தெரிய வேண்டும்; அதுதான் கேப் மலாய் சமையலின் கை. 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்பில் குடியேற்றம் அமைத்தது. பின்னர் இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, வங்காளம், நம் சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து மக்களை அடிமைகளாக அங்கே கொண்டுபோனது. அவர்களும் அவர்கள் வழிவந்த கேப் மலாய் மக்களும் பிறர் வீட்டு அடுப்படியில் நின்று உருவாக்கிய சுவை இது. இதற்குப் பெயர் தேடும்போது நாம் அக்கறையோடு தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இனிமேல்தான் நம் சொல்லுக்கு வேலை. கறியைத் தட்டையான பீங்கான் பாத்திரத்தில் பரப்பி அழுத்தி, முட்டையும் பாலும் அடித்து மேலே ஊற்றி, இலைகளைச் செருகி ஓவனுக்குள்ளே வைக்கிறோம். சூடு நாலாபுறமும் சூழ்ந்து வருகிறது. அரைமணி நேரத்தில் மேற்பரப்பு பொன்னிறமாக உறைகிறது. நான் முதல்முறை சூட்டைக் கூட்டிவைத்துவிட்டேன். முட்டைப்பால் திரிந்து நீர் விட்டுவிட்டது. இந்த முறை 180ஐத் தாண்டவில்லை, அசைத்தால் தளும்பாத பதத்தில் எடுத்தேன். எடுத்த பாத்திரத்தை அப்படியே மேசையில் வைத்தாயிற்று. வெந்த கலமும் பரிமாறும் கலமும் ஒன்றே. கேசரோலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சொல்லும் இதைத்தான் பிடிக்க வேண்டும்.

என் முன்மொழிவு: வட்டிற்கறி.

வட்டில் உண்ணும் கலம். சாப்பிடும் தட்டை வட்டில், வட்டல் என்று சொல்லும் பேச்சு இன்னும் பல ஊர்களில் உண்டு. முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது: இலங்கையின் வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் கலந்து, கலத்திலேயே வேகவைத்து, அதிலேயே பரிமாறும் பண்டம். கலத்தின் பெயரை முன்னால் வைத்து உணவுக்குப் பெயர் சூட்டும் முறை தமிழுக்குப் புதிதல்ல. கடலும் கரையும் சேர்ந்து கடற்கரை ஆவது போலவே சொற்புணர்ச்சியும் சரியாக அமைகிறது.

மரக்கறியும் கறிதானே, ஆகவே சைவ வகைகளுக்கும் இது பொருந்தும். மக்ரோனி, அரிசி வகைகளைக் கறி என்று சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே பின்பாதியை மாற்றிக்கொள்ளலாம்: வட்டிற்சோறு. பபூட்டி என்ற பெயரை மட்டும் மாற்றவே கூடாது. அது கேப்பில் வழங்கும் பெயர்.

கூடவே இரண்டு சிறு சொற்கள். ‘ஓவன்’ என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘அவன்’ என்று எழுதும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ‘அவனை முன்பே சூடாக்குங்கள்’ என்பது படிப்பவரை ஒரு கணம் தடுக்கிவிடுகிறது. ஈழத்தில் வழங்கும் போறணை இருக்கும்போது அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். மேலே ஊற்றும் கலவைக்கு ‘முட்டைப்பால் உறை’. உறைவதும் அதுதான், மூடும் உறையும் அதுதான்; ஒரே சொல் இரண்டையும் சொல்லிவிடுகிறது.

இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘கொத்துக்கறியை வட்டிலில் பரப்பி, முட்டைப்பால் ஊற்றி, போறணையில் 180 டிகிரியில் உறை பொன்னிறமாகும்வரை வையுங்கள்.’ உரக்கப் படித்தேன், எங்கும் தட்டவில்லை.

மேலே செருகும் இலை ஒன்றுதான் பாக்கி. பிரியாணி இலை என்று எழுதத் தயங்குகிறேன். நம் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இலவங்கப்பட்டை மர இனத்தின் இலை; பபூட்டியில் செருகுவது லாரல் இலை. மரமும் வேறு, மணமும் வேறு. எலுமிச்சை இலையும் அங்கே வழக்கம்தான் என்பதால் இப்போதைக்கு அதையே எழுதலாம் என்று நினைக்கிறேன். லாரலுக்குப் புழக்கத்தில் உள்ள தமிழ்ப்பெயர் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.