மேப் டேட்டா வச்சு மதுரைய கட்டுனா வைகை தெக்க ஓடுது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

கீழமாசி_கேமர்:
வணக்கம் மக்களே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (மக்களே சேந்து வரையுற மேப்) டேட்டாவ ஓவர்பாஸ்ங்கிற டவுன்லோட் சர்வீஸ்ல இறக்கி, மீனாட்சி கோயில்ல இருந்து வண்டியூர் தெப்பக்குளம் வரைக்கும் மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன்ல கட்டிட்டு இருக்கேன், ஒரு பிளாக் ஒரு மீட்டர் கணக்கு. பைத்தான் ஸ்கிரிப்ட்தான், லுவான்டிங்கிற வேற ஒரு பிளாக் கேமுக்குன்னு எழுதுனத எடுத்து மாத்துனது. எரர் எதுவும் வரல ஆனா உள்ள போய் பாத்தா வைகை கோயிலுக்கு தெக்க ஓடுது, சரி மொத்தமா 180 டிகிரி திருப்புவோம்னு திருப்புனா வைகை வடக்க வந்துருச்சு, தெப்பக்குளம் மேக்க போயிருச்சு. அதுபோக தெப்பக்குளத்துல மைய மண்டபமே காணோம், முழுக்க தண்ணி. வீடெல்லாம் வேற ஒரே உயரம், தீப்பெட்டி அடுக்குன மாதிரி நிக்குது.

நைட்ஷிப்ட்_கோடர்:
தம்பி திருப்பாத, இது சுத்துன கேஸ் இல்ல, மிரர் ஆயிருக்கு. லுவான்டில வடக்க போனா இசட் (வடக்கு-தெக்கு அச்சு) ஏறும், மைன்கிராஃப்ட்ல வடக்க போனா இசட் இறங்கும். எக்ஸ் (கெழக்கு-மேக்கு அச்சு) ரெண்டுலயும் கெழக்க போனாதான் ஏறும், அதான் மொதல்ல தெப்பக்குளம் மட்டும் சரியா இருந்துருக்கு. திருப்புனத எடுத்துட்டு இசட்டுக்கு முன்னாடி ஒரு மைனஸ் போடு, போதும்.

கீழமாசி_கேமர்:
அண்ணே வேலை செஞ்சிருச்சு!! ஆனா தூரம் லேசா இடிக்குது, கிலோமீட்டருக்கு 15 பிளாக் கூட வருது. லாட்டிட்யூட், லாங்கிட்யூட வெப் மெர்கேட்டர்ங்கிற மேப் ப்ரொஜெக்ஷன்லதான் மீட்டரா மாத்துறேன்.

நைட்ஷிப்ட்_கோடர்:
அதுதான் காரணம். வெப் மெர்கேட்டர் பூமத்திய ரேகைல இருந்து தள்ளிப் போகப் போக இழுத்துக்கிட்டே போகும். மதுரைல ஒன்றரை பர்சென்ட், லண்டன் போட்டா கிட்டத்தட்ட 1.6 மடங்கு ஆயிரும். மதுரை இருக்க பகுதிக்கான யூடிஎம் 44 வடக்கு ப்ரொஜெக்ஷனுக்கு மாத்து, அதோட கோட் ஈபிஎஸ்ஜி 32644.

வரைபட_அக்கா:
மண்டபம் முங்குனதுக்கு நான் சொல்றேன் தம்பி. நடுவுல தீவு இருக்க குளத்த வழக்கமா மல்டிபாலிகன் ரிலேஷனாத்தான் (பல கோட்ட ஒண்ணா சேத்த தொகுப்பு) வரைவோம், வெளிக்கரை அவுட்டர், தீவு இன்னர். உன் ஸ்கிரிப்ட் வே (தனிக் கோடு) மட்டும் படிச்சு வெளிக்கரைக்குள்ள இருக்கதெல்லாம் தண்ணின்னு ரொப்பிருக்கும். ஓவர்பாஸ்ல ரிலேஷனையும் சேத்துக் கேளு, அதுக்குள்ள இருக்க வே, நோடும் (புள்ளி) வர்ற மாதிரி. ரொப்பும்போது இன்னர விட்டுட்டு ரொப்பு.

கீழமாசி_கேமர்:
சரிக்கா, பாக்குறேன். வைகை வேற கரை தொட்டு ஓடுது, நேர்ல நான் பாத்ததே இல்ல 😄

வரைபட_அக்கா:
அழகர் எறங்குற அன்னிக்குன்னு வச்சுக்க. இல்ல உள்ளபடி வேணும்னா 'இன்டர்மிட்டன்ட்' (எப்பவும் தண்ணி ஓடாது) டேக் இருக்கான்னு பாத்து, இருந்தா தண்ணிக்கு பதிலா மணல் பிளாக் போடு. உயரத்துக்கு மொதல்ல 'ஹைட்' டேக் பாரு, அது மீட்டர்ல இருக்கும், சில பேரு நம்பர் பக்கத்துலயே எம்முனு எழுதி வச்சிருப்பாங்க அத வெட்டிரு. அது இல்லன்னா 'பில்டிங் லெவல்ஸ்' (எத்தன தளம்) எடுத்து மூணால பெருக்கு. ரெண்டும் இல்லாத வீட்டுக்குத்தான் உன் ஸ்கிரிப்ட் ஒரே டிஃபால்ட் போடுது, நம்மூர்ல அப்படி வீடுதான் அதிகம். ஆண்ட்ராய்ட் போன்ல ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப் போட்டுட்டு தெருவுல நட, எத்தன மாடின்னு அதுவே கேக்கும், நீ சொல்றது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஏறிரும். கேம்ல அழகா தெரியணும்னு இல்லாத மாடிய மட்டும் ஏத்திராத, அந்த டேட்டாவ மத்தவங்களும் எடுக்குறாங்க.

நைட்ஷிப்ட்_கோடர்:
கோபுரத்த ஸ்கிரிப்ட்கிட்ட விடாத. தெக்கு கோபுரம் சுமார் 52 மீட்டர், டேட்டால அடித்தளம் மட்டும் இருந்தா 52 பிளாக்குக்கு நேரா ஒரு தூண்தான் எழும்பும். கையாலயே கட்டு. மைன்கிராஃப்ட் 1.18 வெர்ஷன்ல இருந்து உயரம் 319 வரைக்கும் எடம் இருக்கு, முட்டாது.

கீழமாசி_கேமர்:
மண்டபம் வெளிய வந்துருச்சுக்கா!! கடைசியா ஒண்ணு, இந்த வேர்ல்ட நெட்ல போட்டா பிரச்சனை வருமா?

வரைபட_அக்கா:
தாராளமா போடு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போடது ஓடிபிஎல்ங்கிற திறந்த டேட்டா லைசென்ஸ்தான. டேட்டா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களோடதுன்னு டவுன்லோட் பக்கத்துல லிங்க்கோட எழுதிரு, வேர்ல்டு ஆரம்பிக்குற எடத்துலயும் ஒரு போர்டு நட்டு வச்சிரு.