சங்கப் பென்சனா, கம்பனி போடும் ஈ.பி.எப். காசா? கூட்டு ஒப்பந்தம் பற்றி ஒரு கேள்வி

கொட்டகலை_இளையவர்:
வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கக் கமிட்டியில் ஒரு பேச்சு ஓடுகிறது. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு வேலையை விட்டு நிற்கும்போது மொத்தமாகக் கைக்கு வந்து கூரைத் தகரம், மகள் கல்யாணம், அடகு என்று கொஞ்ச நாளில் கரைந்துவிடுகிறது. அதனால் சங்கமே ஒரு பென்சன் நிதி தொடங்கி சாகும்வரை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நிதிக்குக் காசு வேண்டுமே, சர்வீஸ் காசை (விலகும்போது கம்பனி தரும் பணிக்கொடையை) அதற்குள் திருப்பிவிடலாமாம். அமெரிக்காவில் சங்கங்கள் இப்படித்தான் செய்கின்றனவாம். வேறு சிலரோ "பென்சன் வேண்டாம், கம்பனி ஈ.பி.எப்.க்குப் போடும் 12 வீதத்தைக் கூட்டச் சொல்வோம்" என்கிறார்கள். கூட்டு ஒப்பந்தத்தில் (சங்கமும் கம்பனியும் செய்யும் சம்பள உடன்படிக்கையில்) எதைக் கேட்பதென்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எதைப் பிடித்துப் பேசுவது?

செக்ரோல்_கணக்கு:
தம்பி, முதலில் இப்போது கையில் இருப்பதைக் கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளம், மாதம் 25 பேர் (25 முழுநாள் வேலை) என்று வைப்போம். சம்பளம் 33,750. அதில் தொழிலாளியின் 8 வீதம் 2,700, கம்பனியின் 12 வீதம் 4,050. ஆக ஈ.பி.எப். கணக்கில் மாதம் 6,750 ரூபாய் ஏற வேண்டும். ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி. அது 1,012 ரூபாய் 50 சதம், முழுக்கக் கம்பனி காசு. நாம் ஒரு ரூபாய் போட்டால் முதலாளி ஒன்றரை ரூபாய் போடுகிறார். "அவரும் நமக்குச் சமமாகப் போடட்டும்" என்று கூட்டத்தில் யாராவது உணர்ச்சிவசப்பட்டால் பக்குவமாக உட்கார வையுங்கள்.

சர்வீஸ் காசுதான் முக்கியமான இடம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். 30 வருடம் சேவை செய்த ஒருவர் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயாக இருந்த 2018இல் விலகியிருந்தால் 210,000. அதே 30 வருடச் சேவையோடு 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் விலகினால் 567,000. பழைய வருடங்களும் புதுச் சம்பளத்தில் எண்ணப்படுகின்றன. ஈ.பி.எப். அப்படியில்லை, 2018இல் போட்டது 500 ரூபாய்க்கான பங்குதான், அதன்மேல் வட்டி மட்டும். சம்பளம் ஏறும்போது தானாக ஏறுகிற ஒரே காசு சர்வீஸ் காசு. அதைக் கொடுத்துப் பென்சன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

12 வீதத்தைக் கூட்டக் கேட்கலாம். சட்டம் சொல்வது ஆகக் குறைந்த அளவை, மேலே போகத் தடையில்லை. ஆனால் எந்தச் சம்பளத்தில் வீதம் என்பது அதைவிடப் பெரிது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30. ஈ.பி.எப். 500க்கு மட்டும். அன்றைக்கு 12ஐ 15 ஆக்கியிருந்தால் நாளுக்கு 15 ரூபாய் கூடியிருக்கும். மிச்ச 230ஐயும் அடிப்படைக்குள் கொண்டுவந்திருந்தால் கம்பனிப் பங்கு மட்டுமே 27 ரூபாய் 60 சதம் கூடியிருக்கும், சர்வீஸ் காசும் கூடவே ஏறியிருக்கும்.

நிதி_வாசகர்:
அமெரிக்கக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அங்கே பல கம்பனிகள் சேர்ந்த சங்கப் பென்சன் நிதியில், ஒப்பந்தப்படி வேலை மணிக்கு இவ்வளவு என்று முதலாளிமார் கட்டுவார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் சங்கத்துக்கும் முதலாளிமாருக்கும் சம இடம். சங்கம் தனியாகக் காசைக் கையாள முடியாது. கம்பனிகள் மூடினாலும் பென்சன்காரர் குறைவதில்லை, கட்டுகிறவர்தான் குறைகிறார்கள். லொறிச் சாரதிகளின் பெரிய நிதியொன்று இப்படித் தள்ளாடி, 2022 டிசம்பரில் அரசாங்கம் கிட்டத்தட்ட 3,600 கோடி டொலர் கொடுத்துத் தூக்கிவிட்டது. இங்கே அப்படித் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? மலையகத்தில் இளசுகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போவதைப் பார்த்தால் கட்டுகிறவர் குறையும் சிக்கல் முதல் நாளிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் இதற்கு எதிர்ப்பக்கம். தொழிலாளி போடுவதற்கு ஏற்ப பல இடங்களில் முதலாளியும் போடுவார், பெயர் போட்ட தனிக் கணக்கு, சந்தை விழுந்தால் நட்டம் தொழிலாளிக்கு. நம் ஈ.பி.எப். இதற்குக் கிட்ட வரும். ஆனால் முதலீட்டைப் பார்ப்பது மத்திய வங்கி, பெரும்பகுதி அரசாங்கக் கடன்பத்திரம். நட்டம் வேறு வாசலால் வருகிறது: 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், அந்த வருட ஈ.பி.எப். வட்டி 9 வீதம். விலைவாசியோடு ஏறாத பென்சனுக்கும் இதே கதி. ஆகவே "மாதம் 10,000" என்று யாராவது வாக்குக் கொடுத்தால், 15 வருடம் கழித்தும் அதே 10,000தானா என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஈ.பி.எப். காசு ஒரு மாதம் வேலை செய்தாலும் உங்களுடையது, இறந்தால் வாரிசுக்கு. பென்சன் நிதிகளில் இத்தனை வருடம் கட்டினால்தான் உரிமை என்று விதி இருக்கும். அமெரிக்காவில் பொதுவாக 5 வருடம். 4 வருடத்தில் கொழும்புக்குப் போகிற பையனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஹட்டன்_சட்ட_உதவி:
வீதத்தைப் பற்றிப் பேசுவதற்குள் ஓட்டைகளைப் பாருங்கள். கொழுந்து அளவு குறைந்து அரைப்பேர் (அரைநாள் வேலை) போட்டால் ஈ.பி.எப்.பும் அரைச் சம்பளத்துக்குத்தான். கைக்காசுக்கு (அன்றன்றைக்குக் கையில் தரும் கூலிக்கு) பறிக்கும் நாட்கள் பெரும்பாலும் செக்ரோலிலேயே (தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டிலேயே) வராது. மலையைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்துக்குக் கிலோ விலை தரும் வெளியார் பயிரிடல் முறைக்குப் போனால் நீங்கள் தொழிலாளியே இல்லை என்ற வாதம் வரும். அப்போது 12 வீதமும் இல்லை, சர்வீஸ் காசும் இல்லை. ஒப்பந்தத்தில் இந்த ஓட்டைகளை அடைக்காமல் பென்சன் பேசிப் பயனில்லை.

அடுத்தது பெயர். செக்ரோலில் லெட்சுமி, பி அட்டையில் (ஈ.பி.எப். அங்கத்துவ அட்டையில்) லக்சுமி, அடையாள அட்டையில் இலட்சுமி. 55 வயதில் (பெண்களென்றால் 50இல்) ஈ.பி.எப். காசைக் கேட்டு கே விண்ணப்பம் கொடுக்கும்போதுதான் இது முளைக்கும், காசு மாதக்கணக்கில் நிற்கும். இப்போதே தோட்ட ஒபீசில் பி அட்டையைக் கேட்டு, அடையாள அட்டை இலக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் சத்தியக் கடதாசியும் எடுத்து, துரையின் (தோட்ட முகாமையாளரின்) கடிதத்தோடு தொழில் அலுவலகத்தில் திருத்துங்கள். தோட்டம் கைமாறியிருந்தால் இரண்டு அங்கத்துவ இலக்கம் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பளச் சீட்டில் 8 வீதம் வெட்டியிருப்பதை வைத்துக் காசு போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பாதீர்கள். வருடாந்தக் கணக்குக் கூற்றோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் கட்டாவிட்டால் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் போனால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். சம்பளச் சீட்டுப் பிரதிகளோடு தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிட வழியிருக்கிறது.

கொட்டகலை_இளையவர்:
நன்றி அண்ணன்மார்களே. ஆனால் மாதாமாதம் காசு வேண்டும் என்ற கவலை நியாயம்தானே? அதற்கு என்ன செய்வது?

செக்ரோல்_கணக்கு:
நியாயம்தான். ஆனால் அதற்குச் சங்க நிதி தேவையில்லை. கைக்கு வரும் ஈ.பி.எப். காசில் 10 இலட்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு மாத வட்டி எடுத்தால், 8 வீதத்தில் மாதம் 6,666 ரூபாய், முதலும் பிள்ளைகளுக்கு மிஞ்சும். சமூகப் பாதுகாப்புச் சபையிலும் தவணை கட்டும் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கைக்காசுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போகிறவர்கள் வயது இருக்கும்போதே சேர்வது நல்லது.

பெண்கள் 50 வயதில் ஈ.பி.எப். காசு எடுக்கலாம் என்பதற்காக அப்போதே நின்றுவிட வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு ஓய்வு வயது 60. 1,350 ரூபாய்க் கணக்கில் ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் சர்வீஸ் காசு 18,900 கூடும்.

ஹட்டன்_சட்ட_உதவி:
அந்த சர்வீஸ் காசை வேலை நின்ற 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் காலத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை மேலதிகம். ஈ.பி.எப். வரும்வரை பொறுங்கள் என்று ஒபீசில் சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் வேறு வேறு. நின்ற திகதியைத் துரையிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள், 31ஆம் நாள் அந்தக் கடிதத்தோடு தொழில் அலுவலகம் போங்கள்.