பேங்க் ரன்: ‘வங்கி ஓட்டம்’ வேண்டாம், ‘பணமெடுப்பு நெரிசல்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

1930களின் அமெரிக்கப் பெருமந்தம் குறித்த கட்டுரைத் தொகுப்புக்கு பேங்க் ரன் என்பதன் தமிழ்ச் சொல்லை முடிவு செய்தாக வேண்டும். வங்கி மூழ்கிவிடும் என்ற பயத்தில், பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதை எடுக்க ஓடி வருவதுதான் பேங்க் ரன். இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன்.

> வங்கி ஓட்டம் என்றே வைக்கலாம், சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் நம்மூரில் ஓட்டம் என்றால் சீட்டுக் கம்பெனிக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டியதுதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே ஓடி வருபவர்கள் பணம் போட்டவர்கள். இன்னொருவர் சொன்ன ‘வங்கி முற்றுகை’யும் சரிப்படாது, கடன் தள்ளுபடி கேட்டு விவசாயிகள் நடத்தும் போராட்டத்துக்குச் செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டன.

நடந்தது என்ன என்று பார்த்தால் சொல் தானாக வரும். 1930 டிசம்பர் 10, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று பெயர், பெயர்தான் அப்படி, அரசு வங்கி இல்லை. வாடிக்கையாளர்களில் பலர் தையல் தொழிலில் இருந்த யூதக் குடியேறிகள். அந்த வங்கியின் பங்கை விற்கப்போன ஒரு வியாபாரியிடம், நல்ல முதலீடு, விற்காதீர்கள் என்று கிளையில் சொல்ல, வாங்க மறுத்துவிட்டார்கள் என்று வெளியே பேச்சு பரவியது. சில மணி நேரத்தில் தெரு நிறைந்துவிட்டது. கணக்கில் இருந்த 2 டாலரை எடுக்க ஒருவர் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாராம். மறுநாள் வங்கி மூடப்பட்டது, ஏறக்குறைய 4 லட்சம் பேரின் சேமிப்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

> திவால் என்ற சொல்லே போதுமே?

போதாது, இந்த இடத்தில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. திவால் என்பது முடிவு, நமக்கு வேண்டியது அதற்கு இட்டுச்செல்லும் நிகழ்வின் பெயர். அந்த வங்கி நிர்வாகம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை, தலைவர் பெர்னார்ட் மார்க்கஸ் பின்னர் சிறைக்கே போனார். இருந்தும் சொத்துகளை மெல்ல விற்றபோது, பணம் போட்டவர்களுக்கு எண்பது சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தது. எந்த வங்கியும் வாங்கிய டெபாசிட்டைக் கடனாக வெளியே கொடுத்துவிட்டு, கையில் கொஞ்சம்தான் ரொக்கம் வைத்திருக்கும். முதலில் வருபவருக்கு முழுப் பணம், கடைசியில் வருபவருக்கு வெறுங்கை. அதனால் வங்கியை நம்புகிறவர்கூட, அடுத்தவர் எடுத்துவிடுவாரே என்று ஓடித்தான் ஆக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் யாரும் யாரையும் நசுக்க நினைப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுவதால் முன்னால் நகர்கிறோம், மூச்சு முட்டுகிறது.

எனவே என் பரிந்துரை ‘பணமெடுப்பு நெரிசல்’. மேலும் மேலும் வரும் இடங்களில் ‘எடுப்பு நெரிசல்’ என்று சுருக்கலாம், ‘நெரிசலுக்கு உள்ளான வங்கி’ என்று வாக்கியத்திலும் இடறாமல் உட்காரும். இப்போது போனிலேயே பணத்தை மாற்றிவிடலாம், கூட்டம் எங்கே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இணைய நெரிசல் என்று ஏற்கெனவே சொல்கிறோமே, அதில் மட்டும் ஆட்களா நிற்கிறார்கள்?

‘வங்கிப் பீதி’யை இதோடு கலக்க வேண்டாம். ஒரு வங்கிக்கு வந்தால் நெரிசல், ஊர் ஊராகத் தொற்றினால் பீதி. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டதைச் சொல்ல இந்த இரண்டாவது சொல் வேண்டும்.

அப்புறம், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 6 அன்று ‘பேங்க் ஹாலிடே’ (வங்கி விடுமுறை) என்ற பெயரில் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடினாரே, அதைக் ‘கட்டாய வங்கி மூடல்’ என்று திருத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மக்களைக் கலவரப்படுத்தாத ‘விடுமுறை’ என்ற மென்மையான சொல்லும் அந்த அரசியலின் ஒரு பகுதி. மார்ச் 12 ஞாயிறு இரவு வானொலியில் வங்கி எப்படி இயங்குகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார், மறுநாள் கதவு திறந்ததும் எடுத்த பணத்தைத் திரும்பப் போடவே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தீபாவளி லீவு என்று யாரும் எண்ணிவிடாமல் இருக்க மேற்கோள் குறிக்குள் ‘வங்கி விடுமுறை’ என்று போட்டு, அடிக்குறிப்பில் ஒரு வரி விளக்கினால் போதும்.

வங்கி மூழ்கினாலும் போட்ட பணம் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும் என்று உறுதி தரும் டெபாசிட் இன்சூரன்ஸுக்கு ‘வைப்புக் காப்பீடு’ புழக்கத்தில் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1934 ஜனவரியில் 2,500 டாலர் வரை அந்தக் காப்பீடு வந்த பிறகுதான் இந்த நெரிசல்கள் அடங்கின என்பதால் இரண்டு பதிவுகளையும் அகராதியில் இணைத்துக் காட்டுங்கள்.

‘நெரிசல்’ பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள், தனிச் சொல்லாக வேண்டாம். மார்ஜின் கால் (கடனில் பங்கு வாங்கியவரிடம், விலை இறங்கும்போது தரகர் கூடுதல் பணம் கேட்பது) பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.