பிடிச்ச வேட்பாளர் இருந்தும் பெரிய கட்சிக்கே ஓட்டுப் போடுறது ஏன்?

கேள்வி:
போன தேர்தல்ல ஒரு சுயேச்சைக்காக ரெண்டு வாரம் வீடு வீடா நோட்டீஸ் கொடுத்தேன். ஒரு அம்மா வாசல்லயே நின்னு முழுசாப் படிச்சாங்க, பின்பக்கம் வெள்ளையா இருக்கான்னுகூடத் திருப்பிப் பார்த்தாங்க. "நல்ல மனுஷன்தான். ஆனா ஜெயிக்க மாட்டாரேப்பா, ஓட்டை வீணாக்கச் சொல்றியா?"ன்னு நாலா மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டாங்க. பல வீட்டுல இதே பேச்சு. தெரியாம ஒதுக்கினா பரவாயில்ல, படிச்சுட்டு ஒதுக்குறாங்க. மனசு ஆறல. அப்படிச் சொன்ன எல்லாரும் போட்டிருந்தா கதையே வேறயா இருந்திருக்குமே?

பதில் 1:
அந்த அம்மா கணக்கைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். தொகுதிக்கு ஒரே இடம், கூட வாங்கினவருக்கே வெற்றின்னு இருந்தா இந்தப் பயம் தானா வரும். பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் டுவெர்ஷே 1951லயே இதை விளக்கிட்டார். 2015 பிரிட்டன் தேர்தலைப் பாருங்க. யுகிப் கட்சிக்கு 12.6 சதவீத ஓட்டு, கிடைச்சது ஒரே ஒரு இடம். ஸ்காட்லாந்துல மட்டும் நின்ன ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு (எஸ்என்பி) 4.7 சதவீதம்தான், ஆனா 56 இடம். ஓட்டு பரவிக் கிடந்தா கரைஞ்சு போகுது, ஓரிடத்துல குவிஞ்சாதான் இடமா மாறுது.
இன்னொண்ணு, 2000 அமெரிக்க அதிபர் தேர்தல்ல புளோரிடா மாநிலத்துல ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அல் கோரை முந்தினது 537 ஓட்டுல. அங்கே மூணாவது வேட்பாளர் ரால்ஃப் நேடர் வாங்கினது 97,000க்கு மேல. அதைப் பார்த்தவங்களுக்கு மூணாவது ஆளுக்குப் போடக் கை நடுங்கத்தானே செய்யும்?

பதில் 2:
கண்ணுல படணுமே முதல்ல. 1992 அமெரிக்க அதிபர் தேர்தல்ல சுயேச்சையா நின்ன ராஸ் பெரோ டிவி விவாதத்துல அப்போதைய அதிபர் புஷ் (2000ல நின்னவரோட அப்பா), கிளிண்டனோட சரிசமமா நின்னார், கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினார். 1996ல அவரை விவாதத்துக்குக் கூப்பிடவே இல்ல. 2000ல இருந்து கருத்துக்கணிப்புல 15 சதவீதம் இருந்தாதான் மேடைன்னு விதி வெச்சாங்க. மேடை ஏறாம 15 எப்படி வரும்?

பதில் 3:
முறையை மாத்தினா பயம் குறையும். ஆஸ்திரேலியாவுல 1, 2, 3ன்னு வரிசைப்படுத்திப் போடுறாங்க. பிடிச்சவர் தோத்தா உங்க ஓட்டு அடுத்தவருக்குப் போயிடும், வீணாகாது. அதுக்காக எல்லாம் தலைகீழா மாறிடாது. 2022ல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவங்க முதல் விருப்பத்தைப் பெரிய ரெண்டு அணிக்கு வெளியே கொடுத்தாங்க, ஆனா 151 இடத்துல வெளியாளுங்க ஜெயிச்சது 16தான். தொகுதிக்கு ஒருத்தர்ங்கிறது மாறாதவரைக்கும் இவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. எஸ்என்பி கணக்கைப் படிச்சதும் உறைச்சுது. அந்த அம்மாகிட்ட நான் அவரோட தகுதியை மட்டும்தான் சொன்னேன். அதே தெருவுல இன்னும் யாரெல்லாம் போடுறதா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே! அடுத்த தடவை தொகுதி முழுக்க அலைய மாட்டேன், ஒரு வார்டு போதும். போடுறேன்னு சொல்றவங்ககிட்ட அனுமதி கேட்டு, அவங்க பேரை நோட்டீஸோட பின்பக்கத்துல அச்சடிக்கப் போறேன். முதல்ல கொண்டுபோய்க் கொடுக்கப்போறது அந்த வீட்டுக்குத்தான்.