ஃபர்னஸ் பற்றிய சில நொடிகளில் அணைந்துவிடுகிறது: கேஸ் வால்வுதான் காரணமா?

கேள்வி (மிசிசாகா, கனடா):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இயற்கை எரிவாயுவில் இயங்கி வீட்டைச் சூடாக்கும் உயர்திறன் ஃபர்னஸ் உள்ளது; அதன் புகை வெள்ளை நிற பிவிசி குழாய் வழியாகப் பக்கச் சுவரில் வெளியேறுகிறது. வெளியே மைனஸ் 18 டிகிரி இருந்த நேற்றிரவில் வீடு குளிரத் தொடங்கியது. தெர்மோஸ்டாட்டை உயர்த்தினால் சிறிய விசிறி ஓடுகிறது, தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செம்மஞ்சளாகக் கனல்கிறது, பர்னர்களில் தீயும் நீலமாகப் பரவுகிறது. ஆனால் நான்கைந்து நொடிகளில் அணைந்துவிடுகிறது. இப்படிச் சில முறை முயன்ற பிறகு முழுவதுமாக நின்றுவிடுகிறது. பார்க்க வந்தவர் கேஸ் வால்வு போய்விட்டது என்றும், பழைய ஃபர்னஸுக்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவதே நல்லது என்றும் கூறிச் சென்றார். வயதான அம்மா உடன் இருப்பதால் முடிவைத் தள்ளிப்போட இயலாது. அவர் சொன்னது சரியாக இருக்குமா?

பதில் (பிராம்ப்டன், கேஸ் டெக்னீஷியன்):
புதிய ஃபர்னஸுக்குக் கையெழுத்திட வேண்டாம், சற்றுப் பொறுங்கள். ஃபர்னஸ் எப்போதும் ஒரே வரிசையில்தான் இயங்கும்: முதலில் புகையை வெளியே இழுக்கும் சிறிய இன்டியூசர் விசிறி, அதன் இழுவையை உறுதிசெய்யும் பிரஷர் சுவிட்ச், பிறகு இக்னைட்டர், அதன் பிறகு கேஸ் வால்வு, தீ பற்றியதும் அதை உணரும் ஃப்ளேம் சென்சர், கடைசியில் வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் புளோயர். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் தீ சீராகப் பரவுகிறது என்றால் வால்வு திறக்கிறது, அதற்கு முந்தைய படிகளும் சரியாகவே நடக்கின்றன என்று பொருள். புளோயர் தொடங்குவதற்கு முன்பே அணைவதால், என் சந்தேகமெல்லாம் ஃப்ளேம் சென்சர் மீதுதான்.

அது தீக்குள் நீண்டிருக்கும் மெல்லிய உலோகக் கம்பி. ஃபர்னஸை இயக்கும் மின்பலகையான கன்ட்ரோல் போர்டு அதற்கு மாறுமின்னழுத்தம் கொடுக்கிறது. தீ மின்சாரத்தை ஒரு திசையில் கூடுதலாகக் கடத்துவதால் மைக்ரோ ஆம்பியர் அளவில் நேர்மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் சில நொடிகளுக்குள் கிடைக்காவிட்டால், எரியாத வாயு வீட்டுக்குள் சேர்ந்துவிடும் என்று கருதிப் போர்டு வால்வை மூடிவிடும். கம்பியின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய படலம் படிந்தாலே போதும், தீ எரிந்துகொண்டிருக்கும்போதே தீ இல்லை என்று போர்டு முடிவு செய்துவிடும். ஆகவே வால்வு மூடுவது பழுதினால் அல்ல, போர்டின் கட்டளைக்குப் பணிவதால்.

முதலில் கதவில் உள்ள சிறு கண்ணாடி வழியாகப் போர்டின் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். அதன் பொருள் கதவின் உட்புறம் ஒட்டியுள்ள அட்டவணையில் இருக்கும். மின்சாரத்தை அணைப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. பிறகு மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்திவிட்டு, ஒற்றைக் கம்பி இணைந்துள்ள அந்த சென்சரை ஒரு திருகைக் கழற்றி எடுத்து, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் மென்மையாகத் துடைக்கலாம். முரட்டு உப்புத்தாள் கூடாது. அது உண்டாக்கும் கீறல்களில் படிவு விரைவில் சேரும். பக்கத்தில் இருக்கும் இக்னைட்டரை விரலால் தொட்டுவிடாதீர்கள், அது எளிதில் உடையக்கூடியது. வால்வையோ எரிவாயுக் குழாயையோ நீங்கள் திறக்கவே கூடாது. ஒன்டாரியோவில் அந்த வேலைக்கு மாகாணப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏவின் சான்றிதழ் பெற்றவர் வேண்டும். வாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வீட்டைவிட்டு வெளியேறி, வெளியே நின்று எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.

பதில் (ஸ்காபரோ):
மேலே சொன்னதை முழுவதுமாக ஏற்கிறேன். வேறு அறிகுறியோடு இதைப் படிப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். இன்டியூசர் ஓடியும் இக்னைட்டர் கனலவே இல்லை என்றால் பிரஷர் சுவிட்ச் மூடி மின்னிணைப்பைக் கொடுக்காமல் இருக்கலாம். உடனே சுவிட்சை மாற்ற வேண்டாம். பெரும்பாலும் இழுவை உண்மையிலேயே போதவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. பனி கொட்டிய மறுநாள் என்றால் முதலில் வெளியே சென்று, காற்று உள்ளே வரும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் பனியில் புதைந்துள்ளனவா என்று பாருங்கள். அடுத்தது தண்ணீர். உயர்திறன் ஃபர்னஸில் புகை குளிர்ந்து நீராக வடிவதால், அதன் டிரெயின் குழாய் அழுக்கால் அடைத்தாலோ, குளிரான இடத்தில் உறைந்தாலோ, நீர் தேங்கி இழுவை குறைந்துவிடும். சில நிமிடங்கள் எரிந்துவிட்டுத் தீ மட்டும் அணைந்து புளோயர் தொடர்ந்து ஓடினால் லிமிட் சுவிட்ச் அளவு மீறிய சூட்டைக் கண்டு நிறுத்துகிறது. அடைபட்ட ஃபில்டரும், அறைகளில் மூடிவைத்த வென்ட்டுகளுமே வழக்கமான காரணங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அட்டவணையில் தீ உணரப்படவில்லை என்ற குறியீடுதான் வந்தது. கம்பியைத் துடைத்தபோது சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தது. காலையிலிருந்து ஃபர்னஸ் தடையின்றி ஓடுகிறது, வீடு 21 டிகிரிக்கு வந்துவிட்டது. இது திரும்பவும் வருமா? அம்மாவின் அறை ஃபர்னஸுக்கு நேர் மேலே இருப்பதால் கார்பன் மோனாக்சைடு பற்றிய அச்சமும் இருக்கிறது.

பதில் (பிராம்ப்டன், கேஸ் டெக்னீஷியன்):
மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன்பே துடைத்துவிட்டால் போதும். சில வாரங்களிலேயே திரும்ப வந்தால் மீண்டும் துடைப்பதோடு நிறுத்தாமல், மீட்டர் வைத்து மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். சென்சரின் பீங்கான் பகுதியில் விரிசல் இருக்கலாம், பர்னர் துருப்பிடித்திருக்கலாம், தளர்ந்த கிரவுண்ட் கம்பியாகவும் இருக்கலாம். அந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை.

கார்பன் மோனாக்சைடு பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். அந்தத் துயரமே 2013இல் கார்பன் மோனாக்சைடு அலாரம் பற்றிய ஹாக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் வருவதற்குக் காரணமாயிற்று. அம்மாவின் அறைக்கு வெளியே அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் காலாவதி ஆண்டைப் பின்புறத்தில் பாருங்கள். புளோயர் தொடங்கும் கணத்தில் தீ ஆடினாலோ மஞ்சளாக மாறினாலோ தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கக்கூடும். அப்போது ஃபர்னஸை அணைத்துவிட்டு டெக்னீஷியனை அழையுங்கள், அவர் வந்து பார்க்கும்வரை மீண்டும் போடாதீர்கள்.