மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்கிறார்கள், கனடாவில் டொரொன்டோவின் ஸ்காபரோவில் குறைந்த வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கும்?

தலவாக்கலைப் பிள்ளை: வணக்கம். நாங்கள் வந்து கொஞ்ச நாள்தான், சின்ன மகளும் கூட இருக்கிறாள். இருக்கும் இடத்தை மாதக் கடைசிக்குள் விடச் சொல்லிவிட்டார்கள், வீட்டுக்காரரின் சொந்தக்காரர் வருகிறாராம். மார்க்கம் ரோட் பக்கம் ஒரு பேஸ்மென்ட் பார்த்தோம், முதல் மாதம், கடைசி மாதம், அதற்கு மேல் ஏதாவது உடைந்தால் கழிக்க இன்னொரு மாதம் என்று மூன்று மாதக் காசு கேட்கிறார். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்க வீடு கொடுப்பார்களாமே, எப்படி எடுப்பது? தூக்கமே வரமாட்டேன் என்கிறது.

பண்டாரவளை அண்ணன்: தங்கச்சி, ஸ்காபரோவை விட்டுவிட்டு டொரொன்டோவுக்கு வெளியே ஒஷாவா பக்கம் பாருங்கள். நாங்கள் வந்த புதிதில் ஒரே பேஸ்மென்டில் இரண்டு குடும்பம், பனி கொட்டினால் ஜன்னலே மூடிவிடும், ஊரில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா இதைவிடத் தேவலை, வாசலில் நின்றால் மலையாவது தெரியும்.

பொகவந்தலாவை: கார் வைத்திருக்கிற அண்ணன் ஒஷாவா என்பார்! பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போவது? அரசாங்க வீட்டை மறந்துவிடுங்கள், பல வருட வரிசை அது. மூன்று மாதக் காசைக் கொடுத்து அந்த பேஸ்மென்டை எடுத்துவிடுங்கள்.

ஹட்டன் அக்கா: கட்டவே வேண்டாம். ஒன்டாரியோவில் முற்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் கடைசி மாதத்துக்குத்தான் கழிக்க வேண்டும். உடைந்தால் என்று வாங்குவது சட்டத்திலேயே இல்லை. அரசாங்க வீட்டு வரிசை நீளம்தான், ஆனாலும் சிட்டியில் விண்ணப்பம் போட்டு வையுங்கள், கிடைத்தால் வருமானத்தில் ஏறக்குறைய 30 வீதம்தான் வாடகை. நீங்கள் பிஆரா (நிரந்தர வதிவிடம்), அகதிக் கோரிக்கையா, ஸ்டடி பெர்மிட்டா (படிக்க வந்த அனுமதி)? ஸ்டடி பெர்மிட் என்றால் அந்த வீடு கிடைக்காது.

மஸ்கெலியா தம்பி: சட்டமெல்லாம் சரி அக்கா, நம்ம ஆட்களே போனில் முதலில் கேட்பது ஊரில் எந்த இடம் என்றுதானே. தேயிலைத் தோட்டம் என்று சொன்னால் அந்த வீடு அன்றைக்கே வாடகைக்குப் போயிருக்கும்.

பண்டாரவளை அண்ணன்: மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் மலையகம் 200 மேடை போட்டோம், ஊரில் நம்ம சனம் வீடு கட்ட 7 பேர்ச் துண்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு இன்னும் நடக்கிறார்கள். இங்கே வந்தும் அதே கதை.

ஹட்டன் அக்கா: காணிப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். பிள்ளை, முக்கியமானதைச் சொல்லவில்லையே. சமையலறையும் பாத்ரூமும் வீட்டுக்காரரோடு பொதுவா, தனியா? வருவது யார்?

தலவாக்கலைப் பிள்ளை: எல்லாம் தனி அக்கா, பின்வாசல்தான் எங்களுக்கு. வருவது அவருடைய மச்சினன். வாட்ஸ்அப்பில்தான் சொன்னார். நாங்கள் அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறோம்.

ஹட்டன் அக்கா: அப்படியென்றால் இப்போதைக்கு எங்கேயும் போக வேண்டாம். சமையலறையோ பாத்ரூமோ வீட்டுக்காரரோடு பங்காக இருந்தால் வாடகைச் சட்டம் உங்களுக்கு வராது, தனி என்பதால் வரும். வீட்டுக்காரர் தானோ, மனைவியோ, பிள்ளைகளோ, பெற்றோரோ குடிவர வேண்டுமென்றால் என்12 என்ற படிவத்தில் 60 நாள் அறிவித்தல் தரவேண்டும், ஒரு மாத வாடகையும் தரவேண்டும். மச்சினனுக்காகக் கேட்க முடியாது. வாடகை வழக்குகளை விசாரிக்கும் போர்டின் உத்தரவு இல்லாமல் யாரும் வெளியே போட முடியாது, பூட்டையும் மாற்ற முடியாது. வாடகையை வழக்கம்போல முதலாம் தேதி கட்டி ரசீது வாங்குங்கள், அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். நாளைக்கே 211 என்ற உதவி எண்ணுக்கு போன் அடித்து, பக்கத்தில் சட்ட உதவி தரும் இலவச லீகல் கிளினிக் எது என்று கேளுங்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோரிக்கைக்காரர்களும் சிட்டி வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அந்தப் படிவத்தையும் கிளினிக்கிலேயே காட்டி நிரப்பலாம்.