கேமரா கப்பைக் காட்டுகிறது, அதை ரோபோ கைக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை: எதை முதலில் படிப்பது?

பல்சக்கரம்:

வணக்கம். நான் மெக்கானிக்கல் படித்தவன், ஆறு வருடமாகப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். மேசை மேல் இருக்கும் பொருளைக் கேமராவால் பார்த்து, தானே எடுத்து வைக்கும் ஒரு சின்ன ரோபோ கையைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அதற்காகத்தான் ஆன்லைனில் படிக்க ஆரம்பித்தேன்.

ஒன்பது மாதத்தில் ஸ்டான்ஃபோர்டின் கணினிப் பார்வை (படத்தைக் கணினி புரிந்துகொள்வது) கோர்ஸான சிஎஸ்231என் வீடியோக்களை முழுவதும் பார்த்துவிட்டேன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மாடர்ன் ரோபாட்டிக்ஸ் வரிசையில் இரண்டாவது கோர்ஸ் முடியப் போகிறது. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வீடியோவை மூடிவிட்டு நானே எழுத உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது.

போன வாரம் ஒரு கப்பைக் கண்டுபிடிக்கும் மாடலை ஓட்டினேன். கப்பின் வாய் நடுப்புள்ளி பிக்சல் 412, 287 என்று வந்தது. சரி, இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு ரோபோ கையை எங்கே போகச் சொல்வது? இரண்டு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கணினிப் பார்வையை முழுதாக முடித்துவிட்டு ரோபாட்டிக்ஸுக்கு வந்திருக்க வேண்டுமா? அல்லது காசு கட்டிச் சான்றிதழோ ஆன்லைன் முதுகலையோ சேர்ந்தால்தான் இது ஒழுங்காக வருமா?

நிழற்கோணம்:

உங்கள் வரிசையில் தப்பில்லை. அந்த இரண்டு கோர்ஸுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, அது இரண்டிலுமே பாடமாக வராது. சிஎஸ்231என் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லித் தருகிறது. மாடர்ன் ரோபாட்டிக்ஸ் மூட்டுகள் இத்தனை டிகிரி திரும்பினால் விரல்நுனி எங்கே இருக்கும் என்று சொல்லித் தருகிறது. பிக்சல் எப்படி சென்டிமீட்டர் ஆகிறது என்பதுதான் உங்களுக்கு இப்போது வேண்டியது. அதற்குப் பெயர் கேமரா ஜியோமெட்ரி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரீ நாயர் 'ஃபர்ஸ்ட் பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் விஷன்' என்று சின்னச் சின்ன வீடியோக்களாக யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கிறார். அதில் கேமரா கேலிபரேஷன், அதாவது கேமராவின் சொந்த எண்களை அளந்து கண்டுபிடிக்கும் பகுதியை மட்டும் இப்போது பாருங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். கேமரா மேலிருந்து நேராகக் கீழே பார்க்கிறது, மேசை 80 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, குவியத் தொலைவு 600 பிக்சல், பட மையம் 320, 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். 412-இலிருந்து 320-ஐக் கழித்தால் 92. அதை 600-ஆல் வகுத்து 80-ஆல் பெருக்கினால் 12.3 செ.மீ. இதேபோல 287-க்குச் செய்தால் 6.3 செ.மீ. லென்ஸுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அந்தக் கப் அவ்வளவு தள்ளி இருக்கிறது.

ஆனால் நீங்கள் பார்த்தது கப்பின் வாய். கப் 10 செ.மீ. உயரம் என்றால் அந்த வாய் கேமராவுக்கு 70 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. அப்போது 12.3 என்பது 10.7 ஆகிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் பிசகினால் விரல் கப்பைப் பிடிக்காது, தட்டிவிடும். ஒரு பிக்சல் என்பது ஒரு புள்ளி இல்லை, கேமராவிலிருந்து கிளம்பும் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பொருள் எங்கே நிற்கிறது என்று வேறு வழியில் தெரிந்தாக வேண்டும். இது எனக்கு உறைக்கவே பல மாதம் ஆனது.

600, 320, 240 எல்லாம் நான் சும்மா போட்ட எண்கள். உங்கள் கேமராவுக்கு நீங்கள்தான் அளக்க வேண்டும். சதுரங்க அட்டையை அச்செடுத்து இருபது படம் எடுங்கள், ஓப்பன்சிவி என்ற இலவசக் கணினிப் பார்வை நிரல் தொகுப்பு கணக்குப் போட்டுத் தரும். இதில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். என் அட்டையில் 10×7 கட்டங்கள். அதையே கொடுத்தேன், மூலைகள் கிடைக்கவில்லை என்றே திரும்பத் திரும்ப வந்தது. அது கேட்பது உள்மூலைகளின் எண்ணிக்கை, அதாவது 9×6. அப்புறம் பிழை, அதாவது கணக்குச் சொல்லும் மூலைக்கும் படத்தில் தெரியும் மூலைக்கும் உள்ள வித்தியாசம், 1.8 பிக்சலுக்குக் கீழே இறங்கவில்லை. காகிதம் லேசாகச் சுருண்டிருந்தது. கண்ணாடி மேல் ஒட்டி எடுத்ததும் 0.3-க்கு வந்துவிட்டது. அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுங்கள். எல்லாவற்றையும் நேருக்கு நேர் எடுத்தால் குவியத் தொலைவையும் அட்டையின் தூரத்தையும் கணக்கால் பிரித்தறிய முடியாது.

கடைசியாக, கேமரா பார்த்த இடத்தை ரோபோவின் அடித்தளத்திலிருந்து பார்த்த இடமாக மாற்ற வேண்டும். நீங்கள் ஏற்கெனவே படித்த 4×4 அணி (மேட்ரிக்ஸ்), திருப்பத்தையும் இடப்பெயர்வையும் சேர்த்துச் சொல்வது, இங்கேதான் வேலைக்கு வருகிறது. அட்டையை மேசையில் ஒட்டி, அதன் மூன்று மூலைகளை ரோபோவின் விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். அதே மூலைகளைக் கேமராவும் பார்க்கிறது அல்லவா, இரண்டையும் சேர்த்தால் அந்த அணி கிடைத்துவிடும்.

மூன்றாம்_அச்சு:

வீடியோ பார்த்தேன், கை ஓடவில்லை என்பதற்கு மட்டும் சொல்கிறேன். சிஎஸ்231என்-இன் உயிர் அசைன்மென்ட்டில் இருக்கிறது, வீடியோவில் இல்லை. முதல் அசைன்மென்ட்டில் படங்களுக்கு இடையிலான தூரத்தை இரண்டு லூப் போட்டு ஒரு முறை, ஒரு லூப் போட்டு ஒரு முறை, லூப்பே இல்லாமல் ஒரு முறை எழுதச் சொல்வார்கள். எனக்கு அந்த மூன்றாவதற்கு இரண்டு வார இறுதிகள் போயின. அதற்குப் பிறகுதான் அணிகளோடு பயமில்லாமல் பழக ஆரம்பித்தேன். இணையத்தில் விடைகள் கிடைக்கும், தயவுசெய்து திறக்காதீர்கள். விடை சரியா என்று பார்க்கும் சோதனைகள் அந்த நோட்புக்கிலேயே இருக்கின்றன.

முதுகலை பற்றி: ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் கணினி அறிவியல் முதுகலை 2014-இல் தொடங்கியது. கணினிப் பார்வை, ரோபாட்டிக்ஸுக்கான செயற்கை நுண்ணறிவு இரண்டும் அதில் உண்டு. மொத்தம் பத்து கோர்ஸ். உங்கள் வேலைக்குப் பட்டம் தேவை என்றாலோ, கெடு வைத்தால்தான் படிப்பேன் என்றாலோ சேருங்கள். கப்பை எடுக்க மட்டும் என்றால் இப்போது அவசியமே இல்லை.

பல்சக்கரம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கேலிபரேஷன் பிழை 0.6 பிக்சல். கப்பின் உயரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டேன். ரோபோ கை நகர்ந்து போனதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்! ஆனால் கப்பை மேசையில் எங்கே வைத்தாலும் கை ஒரே பக்கமாக 4 செ.மீ. தள்ளியே போகிறது. மூலைகளைத் தொட்டுப் பார்க்கப் பொறுமை இல்லாமல், கேமரா இருக்கும் இடத்தை டேப் வைத்து அளந்து அணியில் போட்டிருந்தேன்.

நிழற்கோணம்:

எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே பக்கம் என்றால் முதலில் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். கேமரா தன் அச்சில் திரும்பியிருந்தால் இடத்துக்கு இடம் விலகல் மாறும். உங்களுடையது பெரும்பாலும் 4×4 அணியின் கடைசி நெடுவரிசை, அதாவது இடப்பெயர்வைச் சொல்லும் பகுதி. டேப்பின் பூஜ்ஜியத்தை எங்கே வைத்தீர்கள்?

பல்சக்கரம்:

அடித்தட்டின் விளிம்பில் வைத்திருந்தேன். என் நிரலில் தொடக்கப்புள்ளி முதல் மூட்டின் அச்சு. இப்போது அளந்து பார்த்தேன், இரண்டுக்கும் நடுவே 41 மி.மீ. திருத்திவிட்டேன், பத்தில் எட்டு முறை கப்பை எடுத்துவிட்டது. மீதி இரண்டுக்காக இன்று இரவு மூலைகளைத் தொட்டு முறையாகச் செய்கிறேன். லூப்பே இல்லாத அந்த மூன்றாவதையும் ஆரம்பித்துவிட்டேன், இன்னும் வரவில்லை, விடையைத் திறக்கவும் இல்லை.